பெட்ரோல் டேங்கை விட்டுப் போகாத இரண்டு சொற்கள்

மகனே,

போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை காலை, புனேயில் அலுவலக பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது எனக்கு போன் செய்து மூன்று விஷயம் சொன்னாய். நீ கட்டிக்கொள்ள விரும்பும் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலுக்கு, நம் வீட்டுக்கு வருகிறார்கள் என்பது ஒன்று. வீட்டையும் மனிதர்களையும் பார்த்த பிறகுதான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வார்கள் என்பது இரண்டு. மூன்றாவதை, பஸ் வந்து நின்ற பிறகு, படியில் கால் வைத்துக்கொண்டே சொன்னாய். "பைக்ல இருக்கிற அந்த ஸ்டிக்கர மட்டும் எடுத்துரும்மா. போட்டோவுல அவங்க பாத்துட்டாங்க." பிறகு லைன் போய்விட்டது. நீ சொன்ன அந்த "மட்டும்", ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருத்தியை ஆறு நாள் தெருவில் முட்டிபோட வைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் யாரையும் ஒரு பீரியடுக்கு மேல் முட்டிபோட வைத்ததில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிம்மா, பாத்துக்கலாம்" என்பாய். அந்த இரண்டு சொல்லில் எதைச் சொன்னாலும் மூடிவிடலாம் என்பதை உன் அப்பாவிடமிருந்து கற்றிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அந்த ஸ்டிக்கர் ஏழு வருஷம் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் இருந்தது. பெண்ணின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். அவர்கள் சாதி என்ன, நம் சாதி என்ன என்பதையும் விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் புரியாமல் போகப்போவதில்லை. நம் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் தங்கள் சாதியைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம், கச்சிதமாகப் பொருந்தும்.

படிக்கிறவர்களுக்காக ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டேங்கின் இரண்டு பக்கமும், கையகல எழுத்தில், "ஆண்ட பரம்பரை" என்று இருந்தது. மேலே பாய்கிற சிங்கம். ஓரத்தில் நம் சாதிக்காரர்கள் கொடியில் போட்டுக்கொள்கிற வண்ணம். நாம் எதை ஆண்டோம் என்று முட்டிபோட்ட நிலையில் நிறைய யோசித்தேன். உன் தாத்தாவுக்கு இளையரசனேந்தல் பக்கம் மூன்று ஏக்கர் கரிசல் இருந்தது. அதை அவர் ஆண்டார் என்று சொல்வதற்கில்லை. மழைதான் ஆண்டது, அதுவும் நினைத்தபோது வந்து ஆண்டது. உன் அப்பா தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். அங்கே அவருடைய ஆட்சிக்கு உட்பட்டது ஒரு மர அலமாரி. அதன் சாவி வேறொருவரிடம் இருந்தது. நான் ஆண்டது பதினோராம் வகுப்பு ஆ பிரிவு. அவர்கள் என்னை எப்படி ஆண்டார்கள் என்பதை எழுதினால் கடிதம் நீளும். ஊரில் வண்டி வண்டியாகப் பார்த்துவிட்டேன், எல்லாச் சாதிக்காரர் வண்டியிலும் இதே இரண்டு சொல்தான். ஆளப்பட்ட பரம்பரை என்று எழுதிய வண்டி ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. எல்லோரும் ஆண்டிருக்கிறார்கள். யாரை என்பதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நம் ஊர்ச் சாமி ஒரே உடம்பில் பாதி சிவனாகவும் பாதி விஷ்ணுவாகவும் நிற்கிறவர். யார் பெரியவர் என்று அடித்துக்கொண்டவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அப்படி வந்து நின்றார் என்று கதை. ஆடித்தபசு அன்று ஊர் கொள்ளாத கூட்டமாகக் கூடி அந்தக் காட்சியைப் பார்க்கிறோம், கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆண்ட பரம்பரை வண்டியில் ஏறி, எதிரே வருகிற இன்னொரு ஆண்ட பரம்பரையை முறைத்தபடி வீட்டுக்குப் போகிறோம். சாமி இன்னும் அப்படியே நிற்கிறார். கால் வலிக்கும்.

திங்கட்கிழமை நகத்தால் ஆரம்பித்தேன். சிங்கத்தின் வால் முனை கொஞ்சம் தூக்கியிருந்தது. பிடித்து இழுத்ததும் மேல்தோல் மட்டும் வெயிலில் உரிந்த தோல் மாதிரி துணுக்குத் துணுக்காக வந்தது. பசை அப்படியே வண்டியோடு தங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் தெருப்புழுதி முழுக்க அதில் ஒட்டி, பளபளவென்று இருந்த சிங்கம் சொறிபிடித்த சிங்கமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை சோப்புத் தண்ணீர். முப்பது வருஷம் கரும்பலகையில், எண்ணெய்த் தன்மையுள்ளது எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது என்று எழுதிப் போட்டவள், ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு போய் உட்கார்ந்தேன். படிப்பு வேறு, பதற்றம் வேறு. எதிர்வீட்டு அண்ணாச்சி தன் தறிக்கூடத்து வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். உள்ளே ஆறு விசைத்தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் அவர் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார்.

"டீச்சர்! தண்ணிக்கெல்லாம் போகாது. தறிக்கு விடுத எண்ணெய் தாரேன், ஊத்தி ஊற வைங்க!"

"வேண்டாம் அண்ணாச்சி. அது கறுப்பாப் பிடிச்சுக்கும்."

"அப்ப கோமதி அம்மன் புத்துமண்ணக் குழைச்சுப் பூசுங்க. தோல் நோவுக்கே கேக்கு, இதுக்குக் கேக்காதா?"

"வண்டிக்கு வந்திருக்கது தோல் நோவுன்னு யாரு சொன்னா?"

"பின்ன என்னங்கீங்க?" என்று சிரித்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அதாவது தெருமுனை வரை மட்டும் கேட்கும்படி, "யாரு டீச்சர் இத ஒட்டுனது?" என்றார்.

"பய கூட்டாளிக எவனாவது ஒட்டியிருப்பான்" என்றேன்.

நீயும் பெண் வீட்டில் இதையேதான் சொல்லியிருக்கிறாய். "ஃப்ரெண்ட்ஸ் ஒட்டுனது." நாம் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம், ஒரே துணியில் எடுத்த சட்டை மாதிரி. நீ அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்பது தெரிகிறது. அதற்கு நன்றி சொல்லமாட்டேன்.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். நீ கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது மாதம், வழியில் ஒரு திருப்பத்தில் மூன்று பேர் உன் வண்டியை மறித்து, "எந்த ஊரு, யாரு மவன்?" என்று கேட்டார்கள். நீ ஊரைச் சொன்னாய், அப்பா பெயரைச் சொன்னாய். அவர்களுக்கு வேண்டிய பதில் அது இல்லை. ஹெல்மெட்டின் கண்ணாடி உடைந்து, உதட்டில் ரத்தத்தோடு வந்தாய். அன்று ராத்திரி சாப்பிடாமல் நீ தூங்கிவிட்டாய், நான் தூங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, உன் வண்டியை நானே பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஸ்டிக்கர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கே போகிறேன் என்று உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "எங்க பையன் அந்த ரோட்டுல போகணும்" என்றேன். பின்னால் ஒரு கூட்டம் இருக்கிற வண்டி என்று தெரிந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்கிற என் கணக்கு அவருக்கு உடனே புரிந்துவிட்டது. டாக்டர்கூட அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை. "டிசைன் எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர். கலர் மட்டும் சொல்லுங்க" என்றார். நான் கலரைச் சொன்னேன்.

சாயங்காலம் நீ வண்டியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, அசிங்கமா இருக்கு" என்றாய். "ஹெல்மெட் மாதிரின்னு நெனச்சுக்கோ" என்றேன். பதினெட்டு வயதில் உனக்குத் தெரிந்தது ஐம்பத்துமூன்று வயதில் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தத் திருப்பத்தில் உன்னை யாரும் மறிக்கவில்லை என்பதை, நான் கெட்டிக்காரி என்பதற்கு அத்தாட்சியாக வைத்துக்கொண்டேன்.

செல்வத்தை நினைத்துப் பார். உன்னோடு படித்த, திருவேங்கடத்திலிருந்து வருகிற பையன். நம் வீட்டில் சாப்பிடும்போது ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பான். பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தவன், உன் வண்டியை வாங்கிக்கொண்டு போனான். இந்த முறை, ஒரு டீக்கடை வாசலில் மறித்தவர்கள் நம்முடைய ஆட்கள். டேங்கைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடுதான் மறித்தார்கள், "நம்ம பயலா, யாரு மவன்லே?" என்று. அவன் உண்மையைச் சொன்னான். நம் ஆள் இல்லாதவன் நம் எழுத்துள்ள வண்டியில் உட்கார்ந்ததற்காக அவனைக் கன்னத்தில் அறைந்து இறக்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டார்கள். நீ போய்க் கேட்டபோது சாவியை உனக்கு டீயோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரே வண்டி, ஒரே டீக்கடை. அவனுக்கு அறை, உனக்கு டீ. வீட்டுக்கு வந்து, "இத இப்பவே கிழிக்கப் போறேன்" என்று பிளேடை எடுத்தாய். நான் உன் கையிலிருந்து பிளேடை வாங்கி வைத்துவிட்டு, பெற்ற தாயாக, ஆசிரியையாக, உனக்கு ஒரு அறிவுரை சொன்னேன். "இனிமே வண்டிய யாருக்கும் குடுக்காத." செல்வம் அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வரவில்லை. அவன் பரீட்சை எழுதினானா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயந்துபோனவர்கள் சொல்கிற புத்தியைக் கேட்காதே, அது யார் சொன்னதாக இருந்தாலும் சரி. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு நான் சொல்வதற்கு வேறு புத்திமதி என்னிடம் அதிகம் இல்லை.

புதன்கிழமை எனக்கு என் பாடம் ஞாபகம் வந்தது. தேங்காயெண்ணெயைத் துணியில் நனைத்துப் போட்டு இரண்டு மணிநேரம் ஊறவிட்டேன். மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் லேசாகச் சூடு காட்டினேன். சொறிசிங்கம் கொஞ்சம் இளகியது. பெயின்ட் கடைப் பையன் தின்னர் தருகிறேன் என்றான், பசையோடு பெயின்டும் போய்விடும் என்று வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை நீலகிரித் தைலம் வாங்கிவந்து, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டச் சுரண்ட, பசை உருண்டை உருண்டையாகக் கழன்றது. ஜலதோஷம் பிடித்த வீடு மாதிரி தெருவே மணத்தது. "ஆண்ட" முழுசாகப் போய், "பரம்பரை" பாதியில் நின்றபோதுதான் உன் பெரியப்பா வந்தார். வண்டியில் வந்தவர் இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டார்.

"என்னம்மா, நடுத்தெருவுல ஒக்காந்து நம்ம மானத்தச் சுரண்டிக்கிட்டு இருக்க?"

"பசைன்னுல்லா நெனச்சேன் அத்தான். மானமா இருந்தா இந்நேரம் போயிருக்கும்."

"எந்த ஆளுகளுக்காக இதச் செய்யுதன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. என் தம்பி வாயில்லாப் பூச்சி. நீ படிச்சவ, நீ கெடுக்க."

"தம்பி உள்ளதான் இருக்காரு. கூப்பிடவா?"

"வேண்டாம். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்தக் கல்யாணத்துக்கு எங்க வீட்டுல இருந்து ஒரு ஆளு வராது."

"சரி அத்தான். பந்திக்கு எலை கொறச்சுச் சொல்லிருதேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் வண்டி தெரு திரும்பிய பிறகு, சுரண்டி முடித்த இடத்தையே திரும்பவும் சுரண்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஜன்னலுக்கு உள்ளே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்து, "அண்ணன் என்ன சொன்னான்?" என்று என்னிடமே கேட்டார். முப்பத்தொரு வருஷ தாலுகா ஆபீஸ் அனுபவம் சும்மா போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி உருண்டையும் வந்துவிட்டது. ஷாம்பு போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, எழுந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தெருவின் அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். "ஆண்ட பரம்பரை" என்று இருந்தது. முன்னைவிடத் தெளிவாக. ஏழு வருஷ வெயிலில் டேங்கின் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருக்கிறது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்டுக்கு வெயிலே படவில்லை. அது வாங்கிய அன்றைக்கு இருந்த ரத்தச் சிவப்பிலேயே இருக்கிறது. எழுத்து, சிங்கம், சிங்கத்தின் மீசை உட்பட. இப்போது உரிப்பதற்கும் ஒன்றும் இல்லை, கரைப்பதற்கும் ஒன்றும் இல்லை. சிங்கம் வண்டியின் தோலாகிவிட்டது. நான் ரோட்டில் நின்றே சத்தம் போட்டுவிட்டேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டிக்கர் கடைக்காரரை, பெரியப்பாவை, அந்தத் திருப்பத்துப் பயல்களை, வெயிலை, புனேயில் ஏசி பஸ்ஸில் போகிற உன்னை. தறியை நிறுத்திவிட்டு அண்ணாச்சி ஓடிவந்தார்.

"ஐயய்ய, எழுத்து கெட்டியாயிட்டுல்லா! டீச்சர், ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. மேல ஒரு சாமி ஸ்டிக்கர ஒட்டிருவோம்."

"எந்தச் சாமி அண்ணாச்சி? உங்க சாமியா, எங்க சாமியா?"

"பொதுவா ஒரு சாமி" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ளையார் ஓகேல்லா?" என்றார்.

சனிக்கிழமை, வண்டிக்கு மெருகேற்றுகிற ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தேன். செங்கல் கொஞ்சம் சிவந்தது, எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் செய்ததை எழுதக் கூசுகிறது. உன் அப்பா, "அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் வண்டி அண்ணாச்சி தறிக்கூடத்துல நிக்கட்டுமே" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். ஆறு நாள் தேய்த்த கை, சரி என்று சொல்லிவிட்டது. அவர்கள் பதினோரு மணிக்கு வருவதாகப் பேச்சு. பத்தரைக்கு அப்பா ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து தள்ள, வண்டி சரியாக நடுத்தெருவுக்கு வந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கினார்கள். பெண்ணின் அப்பா வெள்ளைச் சட்டை, அம்மா அரக்குப் புடவை, கையில் பழப் பை. திருடர்கள்கூட இப்படிக் கையும் வண்டியுமாக அகப்படுவதில்லை. பெண்ணின் அப்பா வந்து, மரியாதையாக, டேங்கில் ஒரு கையை வைத்து, "எங்க தள்ளணும், சொல்லுங்க" என்றார்.

அவர் பஸ் டிப்போவில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு டின் தேங்காயெண்ணெய் மிச்சமாகியிருக்கும். கையை வைத்தவர் எடுக்கவில்லை. குனிந்து, வெயில் சாய்வாக விழும்படி தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டிக்கர எப்ப எடுத்தீங்க?"

"வெள்ளிக்கிழம" என்றேன்.

"எத்தன வருசம் இருந்துச்சு?"

"ஏழு."

"ஆமா. ஏழு வருச வெயிலு தெரியுது." நிமிர்ந்தார். "எடுத்த கைக்கு வேல தெரியும். ஒரு கீறல் இல்ல."

வண்டியைத் திரும்பவும் நம் வாசலுக்கே தள்ளினோம், இப்போது மூன்று பேர். உள்ளே உட்கார்ந்து, காப்பி கொடுத்து, வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசி முடித்த பிறகு அவர், "தம்பி சொல்லிச்சு, அது கூட்டாளிங்க ஒட்டுனதுன்னு" என்றார். உன் அப்பா, "ஆமா ஆமா, சின்னப் பயலுக, விளையாட்டுக்கு" என்று ஆரம்பித்தார். நான், "இல்ல. நான்தான் ஒட்டுனேன்" என்றேன். உன் உடைந்த ஹெல்மெட்டைச் சொன்னேன். ஸ்டிக்கர் கடையைச் சொன்னேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்த முடியவில்லை. செல்வத்தையும் சொன்னேன், நான் பிளேடை வாங்கி வைத்ததையும் சொன்னேன். "பயந்தான். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

எதிர்வீட்டில் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை வாய் திறக்காத பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"எம்பொண்ணும் அந்த ரோட்டுலதான் காலேஜுக்குப் போனா. பஸ்ஸுல. அதே திருப்பந்தான். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நாங்க என்னத்த ஒட்டி அனுப்ப, டீச்சர்?"

முப்பது வருஷத்தில் எனக்குப் பதில் தெரியாத கேள்விகளைப் பிள்ளைகள் கேட்டதுண்டு. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன். அந்த அம்மாவிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. எந்தப் புத்தகத்தைப் பார்க்க? அவர் காப்பியைக் கடைசி வரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவர் வீட்டுக்காரர் குடிக்கவில்லை. அது ஆறி, ஆடை படிந்து, அப்படியே இருந்தது.

புறப்படும்போது பெண்ணின் அப்பா வண்டிப் பக்கத்தில் நின்றார். "முழு டேங்கும் ஒரு கோட் அடிச்சாத்தான் சரியாகும். நானே அடிச்சுத் தாரேன். ஆனா முதல்ல பழைய பெயின்டத் தேய்ச்சு எறக்கணும்லா. அத உங்க மகன் தேய்க்கட்டும். வண்டிய இப்படியே ஓட்டிட்டு எங்க தெருவுக்கு வரச் சொல்லுங்க. பகல்ல. அதுவரைக்கும் மேல எதயும் ஒட்டிராதீங்க, எதயும் போட்டு மூடிராதீங்க."

"தேய்ச்சுட்டா சம்மதமா?" என்று உன் அப்பா கேட்டார். அவர் வாழ்க்கையில் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"தேய்க்கட்டும், பாப்போம். எங்க தெருவுலயும் பொறுமை உள்ளவன் இருக்கான், இல்லாதவன் இருக்கான். அத்தன பேருக்கும் நானுல்லா பதில் சொல்லணும்?"

சாயங்காலம் இதையெல்லாம் உனக்கு போனில் சொன்னேன். கேட்டுவிட்டு நீ சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். "இங்க சாஃப்ட்வேர் ரிலீஸ் டைம்மா, லீவு கஷ்டம். அத நம்ம ஊரு ஒர்க் ஷாப்ல குடுத்து பெயின்ட் அடிச்சிரலாமே. புது பெயின்டோட அனுப்பிச்சா முடிஞ்சுது." முடிஞ்சுதா? மகனே, அந்த மனிதர் ஆயுள் முழுக்க பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்தவர். அவருக்குப் பெயின்ட் கிடைக்கவில்லை என்று நினைத்தாயா? ஸ்டிக்கரை எடுக்க அம்மா, பெயின்ட் அடிக்க ஒர்க் ஷாப், அவர்களிடம் பேச அந்தப் பெண். நீ எதற்கு இருக்கிறாய், மணவறையில் உட்காரவா? அந்த ஸ்டிக்கரை ஒட்டியது என் குற்றம், அதில் பங்கு கேட்டு வராதே. ஆனால் அந்த வண்டியை ஓட்டியது நீ. செல்வம் அறை வாங்கிய அதே கடையில் உன் டீயைக் குடித்தாயா, கீழே ஊற்றினாயா என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் நீயே சொல்லிவிடு. ஒரு பெண் ஒரு வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அந்த வீடு அவளைப் போன்றவர்களுக்கு என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு வரட்டும். வேண்டாம் என்று அவள் முடிவு செய்தால், அழுதுகொண்டே அவள் சொன்னதுதான் சரி என்பேன்.

உனக்குப் பயமாக இருக்கிறது. அதை லீவு கஷ்டம் என்று சொல்கிறாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அந்த எழுத்தோடு நீ இத்தனை வருஷம் போனது, அது உன்னைக் காப்பாற்றுகிற தெருக்களுக்கு. முதல் தடவையாக, அது உன்னைக் காட்டிக்கொடுக்கிற தெருவுக்கு, பட்டப்பகலில், மெதுவாக ஓட்டிக்கொண்டு போகப் போகிறாய். ஆட்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். யாராவது ஒருவன் கேட்பான், அதே கேள்வியைத்தான் கேட்பான், யாரு மவன் என்று. பதில் சொல். என் பெயரையும் சேர்த்துச் சொல்.

சனிக்கிழமை காலை ரயிலில் வந்துவிடு. நான் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வைத்துவிட்டேன், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற ரகம். அவர் உன்னைத்தான் வரச் சொன்னார், என்னை அல்ல. நான் இரண்டு தாள் வாங்கியிருக்கிறேன்.

உன் அம்மா